நடுவில் உள்ள கணக்கையும் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் உணவுப் பாதுகாப்பு அறிவிப்புகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஈசூனில் வசிக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் உதவியாளராக இருந்தேன். தீவனம் கலப்பது, எடை பார்ப்பது, உடம்பில் கட்டி தென்படுகிறதா என்று தடவிப் பார்ப்பது, கடைசியில் பிணப்பரிசோதனைக்குத் துணை நிற்பது, இவைதான் என் வேலை. நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் ‘விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டறியப்பட்டுள்ளது’ என்ற வரியைச் செய்தியில் படிக்கும்போது, அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் கூண்டுகள் என் கண்ணுக்குத் தெரியும்.

2024 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில், எத்திலீன் ஆக்சைடு என்ற, புற்றுநோய் தரக்கூடிய கிருமிநீக்கி வாயு வரம்பைத் தாண்டி இருந்ததால், அதைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு இறக்குமதியாளருக்கு உத்தரவிட்டது. ஹாங்காங் அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பே அறிவித்திருந்தது. செய்தி வந்த அன்று மாலை எங்கள் புளோக்கில் வாட்ஸ்அப் ஓயவே இல்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு மசாலா டப்பாவோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய கணவர் வயிற்றுப் புற்றுநோயில் இறந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை.

டப்பாவைத் தூக்கிப் போடலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“இருபது வருசமா இந்த மாதிரி மசாலாத்தானே போட்டுக் குழம்பு வெச்சேன். நான்தான் அவருக்குக் கொடுத்தேனா?”

அறிவிப்பில் இருந்ததை அவரிடம் சொன்னேன். குறைந்த அளவில் கலந்திருந்தால் உடனடி ஆபத்து இல்லை, நீண்ட காலம் உட்கொண்டால் உடல்நலப் பிரச்சினை வரலாம், ஆகவே முடிந்த வரை தவிர்ப்பது நல்லது. அக்கா கேட்டார்: “இருபது வருசம் நீண்ட காலம் இல்லையா?”

என்னிடம் பதில் இல்லை. “அப்படியெல்லாம் இல்லக்கா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றேன். அவர் நம்பவில்லை. நான் கொடுத்தது ஆறுதல், அவருக்கு வேண்டியிருந்ததோ கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மசாலாவைத் திரும்பப் பெற்றது சரியான முடிவு. நம் சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. வாசலில் நின்று சோதித்துப் பார்க்க ஆள் இருப்பது நமக்குப் பெரிய பாதுகாப்பு. என் கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அறிவிப்பு, அலமாரியில் இருக்கும் பாக்கெட்டை என்ன செய்வது என்று சொல்கிறது. ஏற்கெனவே சாப்பிட்டு முடித்த பாக்கெட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இங்கு மட்டுமல்ல, எந்த நாட்டு அறிவிப்பை எடுத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் இரவில் தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது பாக்கெட்டைத்தான்.

எலியிலிருந்து மனிதருக்கு எப்படி வருகிறார்கள் என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். இவ்வளவையும் ஒரு அறிவிப்பில் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதில் எதை எழுதலாம் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

வழக்கமான ஒரு புற்றுநோய்ச் சோதனை இரண்டு வருடம் நடக்கும். எலியின் ஆயுளில் அது பெரும்பகுதி. ஒரு குழுவுக்கு 50 ஆண், 50 பெண். ஒரு குழுவுக்கு ரசாயனமே இல்லாத தீவனம், அதுதான் ஒப்பீட்டுக் குழு. மற்ற குழுக்களுக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அளவு கூடிக்கொண்டே போகும். வாரா வாரம் எடை பார்க்க வேண்டும். வைத்த தீவனத்தை மட்டுமல்ல, மிஞ்சிய தீவனத்தையும் நிறுக்க வேண்டும். எலி பாதியைத் தின்னும், மீதியை இறைத்துவிடும். உண்மையில் எவ்வளவு வயிற்றுக்குள் போனது என்று தெரியாவிட்டால் பின்னால் போடும் கணக்கு முழுவதும் கோணலாகிவிடும். கடைசியில் ஒவ்வொரு எலியிலிருந்தும் நாற்பது உறுப்புகள் வரை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார்.

அதிகபட்ச அளவு எது? எலி தாங்கக்கூடிய உச்சம். அதன் எடை, ஒப்பீட்டுக் குழுவின் எடையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது, புற்றுநோயைத் தவிர வேறு எதனாலும் ஆயுள் சுருங்கக் கூடாது. அந்த எல்லை வரை ஏற்றிக் கொடுப்பார்கள். இதைக் கேட்டதும் பலர், “அவ்வளவு கொடுத்தால் எதுதான் நோய் தராது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பொருள் ஆயிரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் தருகிறது என்று வையுங்கள். ஆறு மில்லியன் பேர் இருக்கும் இந்த ஊரில் அது ஆறாயிரம் பேர். ஐம்பது எலியில் தேடினால் அது ஒன்றில்கூடத் தென்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஐம்பதில் ஒன்றுக்கும் கட்டி வரவில்லை என்றாலும், உண்மையான விகிதம் நூற்றுக்கு ஆறு வரை இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. ஆகவே எலிகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது அளவைக் கூட்டுகிறார்கள்.

எண்ணிக்கையைக் கூட்டியும் ஒரு முறை பார்த்திருக்கிறார்கள். 1970களில் அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் ஒரே ஒரு ரசாயனத்துக்கு 24,000-க்கும் மேற்பட்ட சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். நூற்றில் ஒன்று என்ற அளவு சின்ன விளைவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நோக்கம். கிடைத்த விடை: கல்லீரலில் கட்டிகள் அளவுக்கு ஏற்றபடி கிட்டத்தட்ட நேர்கோட்டில் கூடின. அதே விலங்கின் சிறுநீர்ப்பையிலோ ஒரு கட்டம் வரை பெரிதாக எதுவும் நடக்காமல், அதற்கு மேல் திடீரென்று ஏறியது. ஒரே ரசாயனம், ஒரே உடம்பு, இரண்டு உறுப்பில் இரண்டு விதம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவர் இதைச் சொன்னார். இன்று வரை மறக்கவில்லை.

இன்னொன்றையும் வெளியே இருப்பவர்கள் அறிவதில்லை. எந்த ரசாயனமும் படாத எலிக்கும் கட்டி வரும். என் கையால் நல்ல தீவனமும் சுத்தமான தண்ணீரும் மட்டுமே கொடுத்து வளர்த்த பெண் எலிகளுக்கு மார்பில் கட்டி வந்து பார்த்திருக்கிறேன். முதல் முறை அதைத் தொட்டு உணர்ந்தபோது கூண்டைத் தவறாக மாற்றி வைத்துவிட்டேனோ என்று பயந்து பதிவேட்டை மூன்று முறை சரிபார்த்தேன். வயதானால் எலிக்கும் புற்றுநோய் வரும், கொழுத்த எலிக்கு இன்னும் அதிகமாக வரும். அதனால் எத்தனை எலிக்கு வந்தது என்பதோடு கேள்வி முடிவதில்லை. ஒப்பீட்டுக் குழுவைவிட எத்தனை கூடுதல், எந்த உறுப்பில், அளவு கூடக்கூட எண்ணிக்கையும் கூடியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, உச்ச அளவில் கட்டி வந்துவிட்டது. நாம் சாப்பிடுவதோ அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இரண்டுக்கும் நடுவில் சோதனையே கிடையாது. அந்த இடைவெளியைக் கோடு போட்டுத்தான் கடக்கிறார்கள். மேலே கிடைத்த இரண்டு மூன்று புள்ளிகளில் ஏறத்தாழ எல்லாச் சமன்பாடுகளும் பொருந்திவிடும். கீழே வர வர, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் விடை ஆயிரம் மடங்குகூட மாறும். எது சரி என்று எலிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மரபணுவை நேரடியாகத் தாக்கும் பொருள் என்றால், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று எடுத்துக்கொண்டு சுழியம் வரை நேர்கோடு போடுகிறார்கள். முன்னெச்சரிக்கை கருதி எடுத்த முடிவு அது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1986-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இதைச் சொல்லிவிட்டது: இப்படிக் கிடைக்கும் எண் ஒரு மேல் வரம்பு, உண்மையான ஆபத்து சுழியமாகக்கூட இருக்கலாம். செய்தியாக வரும்போது இந்தப் பாதி வாக்கியம்தான் முதலில் காணாமல் போகிறது.

கோடு போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எலியின் உடம்பில் நடந்தது நம் உடம்பிலும் நடக்குமா? சாக்கரின் என்ற செயற்கை இனிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து, ஏழரை பங்கு என்று கலந்து கொடுத்தபோது ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1977-இல் கனடா தடை விதித்தது, அமெரிக்காவில் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் ஏறியது. ஐந்து பங்கு என்றால் என்ன? எலி ஒரு நாளில் தன் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு தின்னும். அதை அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அப்படியே பெருக்கினால் ஒரு நாளைக்கு 150 கிராம் சாக்கரின். சாக்கரின் சர்க்கரையைவிட 300 மடங்காவது இனிப்பு. அதாவது, ஒரே நாளில் 45 கிலோ சர்க்கரையின் இனிப்பு. பிறகு காரணமும் தெரிந்தது. அந்த அளவில் கொடுக்கும்போது எலியின் சிறுநீரில் நுண்ணிய படிகங்கள் உருவாகி, பையின் உட்சுவரை உரசிப் புண்ணாக்குகின்றன. புண் ஆற செல்கள் மேலும் மேலும் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தில்தான் கட்டி பிறக்கிறது. எலியின் சிறுநீரில் உள்ள உப்பும் புரதமும் சேர்ந்து செய்த வேலை அது. நம் சிறுநீர் அப்படி இல்லை. 2000-இல் அமெரிக்கா அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டது. 23 வருடம் எத்தனை நீரிழிவு நோயாளிகள் அதைப் படித்துப் பயந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்காக, ‘எலி வேறு, நாம் வேறு’ என்று தள்ளிவிடவும் முடியாது. அஃப்ளடாக்சின் அதற்குச் சாட்சி. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. காரணம், தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய இந்த நஞ்சு. அந்த நஞ்சை எலிக்கு நூறு கோடியில் நூறு பங்கு என்ற அளவில் கொடுத்தாலே கல்லீரலில் கட்டி வந்துவிடும். சுண்டெலியோ அதைவிடப் பல மடங்கைத் தாங்கும், ஏனென்றால் அதன் கல்லீரலில் இந்த நஞ்சை முறிக்கும் நொதி வலுவாக இருக்கிறது. சுண்டெலியில் மட்டும் சோதித்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று விட்டிருப்பார்கள். மனிதர்? ஆளுக்கு ஆள் மாறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1998-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் இருப்பவருக்கு அதே அளவு அஃப்ளடாக்சின் மற்றவரைவிட 30 மடங்கு ஆபத்து. சிங்கப்பூரில் 1987 முதல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒரு தடுப்பூசி, நிலக்கடலையிலும் மிளகாய்த்தூளிலும் இருக்கும் ஆபத்தையும் சேர்த்துக் குறைத்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இதை எந்த எலிக் கணக்கும் முன்கூட்டியே சொல்லவில்லை.

ஆர்செனிக் என்ற நஞ்சு இன்னொரு பக்கம். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியாகத் தெரிந்த பிறகும் பல காலம் அதை விலங்குகளில் காட்ட முடியவில்லை. எலிக்கு வரவில்லை என்பதும் நற்சான்றிதழ் ஆகாது.

இப்போது அக்காவின் மசாலாவுக்கு வருகிறேன். எத்திலீன் ஆக்சைடு ஒரு வாயு. சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்ல மசாலாப் பொருள்களில் செலுத்துகிறார்கள். நீராவியாலும் கதிர்வீச்சாலும்கூட இதைச் செய்யலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எத்திலீன் ஆக்சைடை 1994 முதல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில், வைத்திருக்கிறது. அது மரபணுவோடு நேரடியாக வினைபுரியும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆகவே சாக்கரின் கதையைச் சொல்லி இதை ஒதுக்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை.

மனிதரிடம் கிடைத்த சான்று பெரும்பாலும் மூச்சு வழியாக உள்ளே போனதைப் பற்றியது. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கும் கூடங்களில் வேலை செய்த 18,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். அங்கே கவனத்துக்கு வந்தவை நிணநீர்ப் புற்றுநோய்களும் மார்பகப் புற்றுநோயும். வாய் வழியாகக் கொடுத்த சோதனை என்று எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 1982-இல் வெளியிட்ட ஒன்று. குழுவுக்கு ஐம்பது பெண் எலிகள். சாலட் எண்ணெயில் கரைத்து, குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள், வாரம் இரண்டு முறை, நூறு வாரத்துக்கு மேல். ஒரு தடவைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் அல்லது 30 மில்லிகிராம். கட்டி வந்தது, அளவு கூடியபோது கட்டியும் கூடியது. வந்த இடம் முன்வயிறு. எலிக்குத் தீவனத்தைச் சேர்த்து வைக்க வயிற்றின் முன்பகுதியில் தனியாக ஓர் அறை உண்டு. மனிதருக்கு அது கிடையாது. அந்த அறையில் பொருள் நெடுநேரம் தங்கி, சுவரைச் சிதைக்கும். அதனால் மனிதரை இது பாதிக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘எலியின் வயிற்றில் வந்தது, ஆகவே என் கணவரின் வயிற்றிலும்’ என்று அக்கா போட்ட நேர்கோடு அவ்வளவு நேரானதல்ல. இதை அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இனி, கணக்கு. ஒரு கிலோ மசாலாவில் 1 மில்லிகிராம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண், எந்தப் பாக்கெட்டிலும் அளந்து கண்ட எண் அல்ல. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 5 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, சாப்பிடுகிறார். சமைக்கும்போது எதுவும் ஆவியாகவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். அவருக்குள் போவது ஒரு நாளைக்கு 0.005 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.00008 மில்லிகிராம். அந்த எலிகளில் குறைந்த அளவு வாங்கியவற்றுக்கு, வாரம் இரண்டு முறை என்பதை ஏழு நாளுக்குப் பகிர்ந்தால், கிலோவுக்கு ஏறக்குறைய 2.1 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவில் 25,000 மடங்கு இடைவெளி. தினமும் அல்ல, வாரம் ஒரு முறைதான் மீன் குழம்பு என்றால் இடைவெளி 1,80,000 மடங்கு. மசாலாவில் 10 மில்லிகிராம் இருந்து தினமும் சாப்பிட்டால் 2,500 மடங்காகச் சுருங்கிவிடும்.

இடைவெளி எவ்வளவு இருந்தால் போதும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழக்கம், மரபணுவைத் தாக்கும் பொருளுக்கு 10,000 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுச் சுகாதார நோக்கில் கவலை குறைவு என்பது. எலிக்கும் மனிதருக்கும், மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு நூறு. புற்றுநோய் உருவாவதில் நமக்குப் புரியாதவற்றுக்கு இன்னொரு நூறு. இரண்டையும் பெருக்கினால் பத்தாயிரம். அவர்கள் எண்ணத் தொடங்குவது விலங்குகளில் பத்து விழுக்காடு கூடுதல் கட்டி தரும் அளவிலிருந்து, அதுவும் அதன் கீழ் வரம்பிலிருந்து. ஆகவே என் கணக்கு கரடுமுரடானது, துல்லியமாகப் போட்டால் இடைவெளி இன்னும் குறையலாம். நீங்கள் போட்டால் சரியாக இருக்கும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வரம்புகளைப் பார்த்தாலும் குழப்பம்தான் மிஞ்சுகிறது. மசாலாவில் செலுத்திய வாயுவில் ஒரு பகுதி பறந்துவிடும், ஒரு பகுதி பொருளில் உள்ள உப்போடு சேர்ந்து 2-குளோரோஎத்தனால் என்ற வேறொரு பொருளாக மாறிவிடும். ஐரோப்பா இரண்டையும் கூட்டி எத்திலீன் ஆக்சைடு என்றே எண்ணுகிறது. மசாலாவுக்கு அவர்கள் வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அமெரிக்கா இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது: எத்திலீன் ஆக்சைடுக்கு 7 மில்லிகிராம், மாறிய பொருளுக்கு 940 மில்லிகிராம். ஒரே பாக்கெட் ஒரு ஊரில் விற்கலாம், இன்னொரு ஊரில் குப்பைக்குப் போக வேண்டும். இங்கேயும் மசாலாவைக் கிருமிநீக்க இந்த வாயுவைப் பயன்படுத்த விதிகள் அனுமதிக்கின்றன, எச்சம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ‘புற்றுநோய் தரும் பொருள், ஆனால் அனுமதி உண்டு’ என்ற இரண்டையும் ஒன்றாகக் கேட்கிற சாதாரண மனிதர், யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் முடிவு கட்டுவார். யாரும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் கணக்கை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்ல முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2023 ஜூலை 14 அன்று, சர்க்கரை இல்லாத பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது நினைவிருக்கும். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அதே அறிவிப்பிலேயே, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பு மாறவில்லை என்றும், எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளில் 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். என் கணவருக்கு நீரிழிவு. காப்பிக்கடையில் எப்போதாவது சர்க்கரை இல்லாத கோலா ஒன்று குடிப்பார். செய்தியைப் படித்துவிட்டு, “எனக்கு வாரத்துக்கு ஒண்ணுதானே” என்று நிம்மதியாகப் பேப்பரை மடித்து வைத்தார். அவருக்கு விஞ்ஞானம் தெரியாது, கேன் தெரியும். அக்காவுக்கும் மில்லிகிராம் தெரியாது. தேக்கரண்டி தெரியும், வாரத்துக்கு எத்தனை நாள் மீன் குழம்பு என்று தெரியும்.

ஆகவே அடுத்த முறை ஒரு பொருளைத் திரும்பப் பெறும்போது, வரம்பை மீறியது என்பதோடு நிற்காமல், கண்டது எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் போடுங்கள். அந்த வரம்பு எந்த விலங்கில், எந்த வழியில் கொடுத்து, எந்த உறுப்பில் வந்த கட்டியிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வழக்கமாகச் சமைக்கும் குடும்பத்துக்கும் அந்த விலங்கு வாங்கிய அளவுக்கும் எத்தனை மடங்கு இடைவெளி என்று, கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் குறைவு என்றே எழுதுங்கள், மக்கள் தாங்கிக்கொள்வார்கள். எது இன்னும் தெரியாது என்பதையும் எழுதுங்கள். அதை மறைத்தால் பின்னால் தெரியவரும்போது மீதியையும் நம்ப மாட்டார்கள். நான்கு மொழியிலும் ஒரே அளவு விவரம் இருக்கட்டும். முக்கியமாக, ‘இதுவரை சாப்பிட்டவர்களுக்கு’ என்று ஒரு பத்தி வேண்டும். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டுமா, பலதுறை மருந்தகத்தில் ஏதாவது சோதனை உண்டா, ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று பின்னோக்கிச் சொல்ல முடியுமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். எலிக் கணக்கு ஒரு கூட்டத்துக்குப் போடும் கணக்கு. லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரலாம் என்றால், ஆறு மில்லியன் பேரில், ஆயுள் முழுவதும் எல்லாரும் சாப்பிட்டால், அறுபது பேர். அந்த அறுபதைத் தடுக்கத் திரும்பப் பெறுவது நியாயம். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போய், இவருக்கு வந்த நோய் இந்தக் குழம்பால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, நம் உடம்பே கொஞ்சம் எத்திலீனை உண்டாக்குகிறது, அதில் ஒரு பகுதி உள்ளேயே எத்திலீன் ஆக்சைடாக மாறுகிறது. மசாலா பக்கமே போகாதவர் ரத்தத்திலும் அதன் தடயம் இருக்கும். புகைபிடிப்பவர் ரத்தத்தில் இன்னும் அதிகம். அக்காவின் கணவர் முப்பது வருடம் புகைபிடித்தவர். அதையும் நான் காரணமாகச் சொல்ல வரவில்லை. அதற்கும் இதே விதிதான்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன், மேலே இருக்கும் கணக்கை ஒரு மாலையில் அக்காவிடம் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். அவர் ஒரு தேக்கரண்டியை எடுத்து வந்து, மசாலாவை மட்டம் தட்டி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். இரண்டரை கிராம் காட்டியது. “ஒரு சட்டிக்கு நான் நாலு கரண்டிதான் போடுவேன், சாப்பிடறது மூணு பேரு” என்றார். பிறகு காகிதத்தை வாங்கித் தானே வகுத்துப் பார்த்தார். அழவில்லை. காகிதத்தை நான்காக மடித்து, கணவரின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அடுத்த அறிவிப்பைத் தமிழில் எழுதும்போது படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நாங்கள் இருவருமே வருகிறோம். தராசை அக்கா கொண்டுவருவார்.

அன்புடன்,
ஈசூன்வாசி ஒருவர்